கறுப்புத் திரை வந்தால் மீண்டும் நிறுவ வேண்டாம்: டெஸ்க்டாப் லினக்ஸைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

அப்டேட் முடிந்தது, கணினியை ரீஸ்டார்ட் செய்தீர்கள், திரை கறுப்பாக நிற்கிறது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று துடிக்கிறது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பென்டிரைவைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து லினக்ஸை நிறுவுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அப்படி நின்றுபோன கணினிகள் பெரும்பாலானவற்றில் கோப்புகள் அப்படியே பத்திரமாக இருக்கும். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் அறுந்திருக்கும். எந்தக் கண்ணி என்று கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்ய இரண்டு மூன்று கட்டளைகள் போதும்.

படிக்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். முடிந்த இடங்களில் ஒற்றை எழுத்துச் சுருக்கத்தை விட்டுவிட்டு முழுச்சொல் வடிவத்தைக் கொடுத்திருக்கிறேன். அது குழப்பமில்லாதது, மனதிலும் நிற்கும்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. முதலில் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் எழுந்து, சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரைத் தேடுகிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் அது க்ரப். க்ரப், லினக்ஸின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. டிஸ்க் திறந்ததும் சிஸ்டம்டி பொறுப்பேற்று மற்ற சேவைகளைத் தொடங்குகிறது. கடைசியாக ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் போன்ற டிஸ்ப்ளே மேனேஜர் லாகின் திரையைக் காட்டுகிறது. அப்புறம்தான் உங்கள் டெஸ்க்டாப்.

திரையில் கடைசியாக என்ன தெரிந்தது என்பதே இடத்தைச் சொல்லிவிடும். நேராக விண்டோஸ் வந்துவிட்டாலோ பூட் செய்ய டிஸ்க் இல்லை என்றாலோ ஃபர்ம்வேருக்கும் க்ரப்புக்கும் இடையில் சிக்கல். ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால் க்ரப்புக்குத் தன் கோப்புகள் கிடைக்கவில்லை. ‘கெர்னல் பேனிக்’ செய்தியில் ரூட் டிஸ்க்கை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, முடியவில்லை என்று வந்தால், அந்தக் கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போயிருக்கலாம். அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று மட்டும் நின்றால், கெர்னல் வந்துவிட்டது, டிஸ்க்தான் திறக்கவில்லை. ‘எமர்ஜென்ஸி மோட்’ என்றால் சிஸ்டம்டிவரை வந்தாயிற்று, ஏதோ ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) ஏறவில்லை. வரிகள் ஓடி முடித்துத் திரை கறுத்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். பாஸ்வேர்ட் கொடுத்ததும் மறுபடி லாகின் திரையே வந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும்.

முற்றிலும் கறுப்பாக இருந்தால் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை.

உள்ளே நுழைய மூன்று வாசல்கள்

முதல் வாசல், எழுத்துத் திரை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்கும். பாஸ்வேர்ட் தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, அது இயல்புதான். உள்ளே போனதும் நான் எப்போதும் முதலில் கொடுக்கும் கட்டளைகள் மூன்று. ‘டிஎஃப் -எச்’ டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று சொல்லும். ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ எந்தச் சேவை விழுந்தது என்று காட்டும். ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரையாரிட்டி=எர்’ இந்த முறை பூட் ஆனதில் வந்த பிழைகளை மட்டும் வரிசையாகக் கொடுக்கும் (‘சூடோ’ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). முந்தைய முறை என்ன நடந்தது என்று பார்க்க ‘--பூட்=-1’ என்று மாற்றுங்கள். வெளியே வர க்யூ விசை. அங்கே வரும் எல்லாச் சிவப்பு வரியும் ஆபத்தில்லை. நல்ல கணினியிலும் நாலைந்து வரும். திரை நின்ற நேரத்தை ஒட்டி வந்தவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வாசல், க்ரப் மெனு. பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி இருங்கள். யூஇஎஃப்ஐ கணினியில் தயாரிப்பாளர் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பைத் தட்டுங்கள். அதிகம் தட்டிவிட்டால் மெனுவைத் தாண்டி ‘க்ரப்’ என்ற கட்டளை வரி வந்துவிடும். ஒன்றும் கெடவில்லை, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலலாம். உபுண்டு, மின்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்தால் பழைய கெர்னல்களும் அவற்றின் ‘ரெக்கவரி மோட்’ வரிகளும் இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு வந்த சிக்கல் என்றால் முதலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வந்துவிட்டால் பாதி விடை கிடைத்தாயிற்று: புதிய கெர்னலிலோ அதற்கான டிரைவரிலோதான் கோளாறு. அவசர வேலை இருந்தால் பழைய கெர்னலிலேயே சில நாள் ஓட்டலாம். ஃபெடோரா இயல்பாக மூன்று கெர்னல்களை வைத்திருப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது வாசல், லைவ் பென்டிரைவ். லினக்ஸை நிறுவப் பயன்படுத்தியதே போதும். அதில் பூட் செய்து, நிறுவாமல் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு டெஸ்க்டாப் கிடைக்கும். உங்கள் பார்ட்டிஷனைத் திறந்து முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் அடுத்த கட்டளைகளை நடுக்கமில்லாமல் தட்டலாம்.

கணினி உறைந்துவிட்டால் பவர் பட்டனைப் பிடித்து அணைக்கும் முன் இதை முயலுங்கள். ஆல்ட்டையும் சிஸ்ரெக் விசையையும் (பல கீபோர்டுகளில் இதுவே பிரின்ட் ஸ்கிரீன்) பிடித்தபடி எஸ், யூ, பி (‘பூட்’ என்பதன் முதல் எழுத்து) விசைகளைச் சில நொடி இடைவெளியில் அழுத்த வேண்டும். நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அப்புறம் ரீஸ்டார்ட் ஆகும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை.

திரை வரவில்லை

டிரைவர் மேல் சந்தேகம் என்றால் ‘நோமோட்செட்’ என்ற ஒற்றைச் சொல்தான் முதல் சாவி.

1. க்ரப் மெனுவில் முதல் வரியில் நின்று இ விசையை அழுத்துங்கள்.
2. ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரிக்குப் போங்கள். அதன் கடைசியில் பெரும்பாலும் ‘க்வையட் ஸ்ப்ளாஷ்’ இருக்கும்.
3. அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு அங்கே ‘நோமோட்செட்’ என்று தட்டுங்கள்.
4. எஃப்10 அல்லது கண்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள்.

கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையின் அளவை அமைக்காமல் விலகி நிற்கும். ஃபர்ம்வேர் கொடுத்த எளிய திரையே தொடரும். தெளிவு குறைவாக இருக்கும், ஆனால் டெஸ்க்டாப் வரும். ‘க்வையட்’ போனதால் பூட் வரிகளும் கண்ணுக்குத் தெரியும். இந்த மாற்றம் இந்த ஒரு முறைக்கு மட்டுமே. இதை நிரந்தரமாகப் போட்டுவிட்டு அப்படியே இருப்பவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிராஃபிக்ஸ் சிப்பின் வேகம் முழுக்கப் போய்விடும், இரண்டாவது மானிட்டரும் வராது. இது உள்ளே போய்ச் சரிசெய்வதற்கான வழி மட்டும்தான்.

உள்ளே போனதும் ‘எல்எஸ்பிசிஐ -கே’ கொடுங்கள். விஜிஏ அல்லது 3டி என்ற வரிக்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். நோமோட்செட் இல்லாமல் பூட் ஆகும் கணினியில் இன்டெல் என்றால் ஐ915 அல்லது எக்ஸ்இ, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியூ (பழைய அட்டையில் ரேடியான்), என்விடியா என்றால் என்விடியா அல்லது நூவோ என்று வர வேண்டும்.

அப்டேட்டுக்குப் பின் வரும் கறுப்புத் திரைகளில் நான் அதிகம் பார்த்தது என்விடியாவில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. என்விடியா கொடுக்கும் டிரைவர் வெளியிலிருந்து வருவதால், ஒவ்வொரு கெர்னலுக்கும் அதற்கேற்ற மாட்யூல் (கெர்னலோடு இணையும் டிரைவர் துண்டு) தனியாக வேண்டும். புதிய கெர்னல் வந்து மாட்யூல் வராவிட்டால் திரை கறுக்கும். டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக மாட்யூல் உருவாகும் கணினியில் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால், புதிய கெர்னலின் பெயருக்கு எதிரே ‘இன்ஸ்டால்ட்’ இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்தக் கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் மாட்யூலை உருவாக்க முடியாது.

உபுண்டுவில் ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ பொருத்தமான டிரைவரைத் தானே தேர்ந்தெடுக்கும். மின்டில் டிரைவர் மேனேஜர் இருக்கிறது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தின் ஏகேமோட் பேக்கேஜை நிறுவியதும் உடனே ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. பின்னணியில் மாட்யூல் உருவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். ‘மோடின்ஃபோ --ஃபீல்ட் வெர்ஷன் என்விடியா’ கட்டளைக்குப் பதிப்பு எண் வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கும் நிறுவியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாமல் அது கோப்புகளை மாற்றிவிடும், அடுத்த கெர்னல் வரும்போது நீங்கள்தான் திண்டாட வேண்டும். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் டிரைவர் வரிசையையும் பாருங்கள்: கெப்ளர் தலைமுறை அட்டைகளுக்கு, அதாவது ஜிஃபோர்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு, 470 வரிசையே கடைசி.

கையொப்பமுள்ளவற்றை மட்டும் பூட் செய்ய விடும் ஃபர்ம்வேர் காவலான செக்யூர் பூட் இதில் இன்னொரு முடிச்சு. அது இயங்கும்போது கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. ‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ அது இயங்குகிறதா என்று சொல்லும். ஜர்னல்சிடிஎல் காட்டும் பதிவில் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால் இதுதான் காரணம். டிரைவர் நிறுவும்போது ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து சில நொடிகள்தான் காத்திருக்கும். பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உபுண்டுவில் ‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ கொடுத்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தட்டுங்கள். குறியீடுகள் இல்லாமல் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பாஸ்வேர்டாக வையுங்கள், அந்தத் திரையில் கீபோர்டு அமைப்பு மாறியிருக்கலாம்.

ஏஎம்டி, இன்டெல்லில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வருவது வேறு வகை: சிப் புதியது, கெர்னல் பழையது. புதிய கெர்னலும் ஃபர்ம்வேர் பேக்கேஜும் வந்தால் சரியாகும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸில் எச்டபிள்யூஇ கெர்னல் இதற்கென்றே இருக்கிறது.

திரை வருகிறது, ஆனால் சரியில்லை

தெளிவு 1024×768-இல் மாட்டிக்கொண்டால் செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களைத் திறந்து கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்கள். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலையே செய்யவில்லை, பிராசஸர்தான் படம் வரைகிறது. மேலே சொன்ன டிரைவர் வேலைக்குத் திரும்புங்கள். டிரைவர் சரியாக இருந்தும் தெளிவு குறைவாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள். தன்னால் என்னென்ன அளவுகளைக் காட்ட முடியும் என்ற பட்டியலை மானிட்டர் கேபிள் வழியாகத்தான் அனுப்புகிறது. மோசமான கேபிளோ அடாப்டரோ அந்தப் பட்டியலைத் தடுத்துவிட்டால் கணினி பாதுகாப்பான சின்ன அளவைத் தேர்ந்துகொள்ளும். 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் நின்றால் எச்டிஎம்ஐ 1.4 வழியாகப் போகிறது என்று பொருள். அதன் எல்லை அவ்வளவுதான். 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும்.

இரண்டு மானிட்டர் அமைப்பு குழம்பிவிட்டால் நோம் டெஸ்க்டாப்பில் ஹோமுக்குள் ‘.கான்ஃபிக்’ கோப்புறையில் இருக்கும் ‘மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்’ கோப்பின் பெயரை மாற்றிவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள். அமைப்பு புதிதாக எழுதப்படும்.

இன்டெல் லேப்டாப்பில் திரை துடித்தாலோ அரை நொடி உறைந்து உறைந்து நகர்ந்தாலோ, மின்சாரம் சேமிக்கத் திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி காரணமாக இருக்கலாம். நோமோட்செட் எழுதிய அதே இடத்தில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ என்று போட்டு ஒருமுறை சோதியுங்கள். துடிப்பு நின்றால், ‘/இடிசி/டிஃபால்ட்/க்ரப்’ கோப்பில் ‘க்வையட் ஸ்ப்ளாஷ்’ இருக்கும் மேற்கோளுக்குள் சேர்த்து, ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்கள்.

திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் ஏதாவது மென்பொருள் மங்கலாகத் தெரிந்தால், அது இன்னும் பழைய எக்ஸ்11 முறையில் ஓடிக்கொண்டிருக்கலாம். 125, 150 சதவீதப் பெருக்கத்தில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். 100 அல்லது 200 வைத்துப் பாருங்கள். ‘லாகின் திரையில் பல்சக்கரத்தைத் தட்டி எக்ஸ்ஓஆர்ஜி (அதாவது எக்ஸ்11) தேர்ந்தெடுங்கள்’ என்ற பழைய அறிவுரை எல்லா இடத்திலும் இனிச் செல்லாது. உபுண்டு 25.10 முதல் நோமின் எக்ஸ்ஓஆர்ஜி அமர்வே இல்லை.

பாஸ்வேர்ட் கொடுத்தும் லாகின் திரையே திரும்ப வருகிறது

எழுத்துத் திரைக்குப் போய் முதலில் ‘டிஎஃப் -எச்’ பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப் தன் சிறு கோப்புகளைக்கூட எழுத முடியாமல் திரும்பிவிடும். எக்ஸ்ட்4 கோப்பு முறை இயல்பாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைப்பதால், நிரம்பிய டிஸ்க்கிலும் நிர்வாகி வேலை செய்ய முடியும். ‘சூடோ ஆப்ட் க்ளீன்’ (உபுண்டு, மின்ட், டெபியனில்), ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்’ இரண்டும் உடனடியாக இடம் தரும். கடைசியில் வரும் எம் மட்டும் பெரிய எழுத்து.

இடம் இருந்தும் அதே நிலை என்றால் ‘எல்எஸ் -எல்ஏ’ கொடுத்து ஹோமில் உள்ள மறைகோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். முன்பு எப்போதாவது வரைகலை நிரலைச் சூடோ வைத்து ஓட்டியிருந்தால் ‘.எக்ஸ்அதாரிட்டி’ (இதில் எக்ஸ் பெரிய எழுத்து) போன்ற கோப்பு ரூட்டின் உடைமையாகியிருக்கும். ‘சூடோ சிஎச்ஓன்’ என்று தொடங்கி, உங்கள் பயனர் பெயர், கோப்புப் பெயர் கொடுத்தால் அது உங்களிடம் திரும்பும்.

இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்வேன்: ‘சூடோ ஆட்யூசர்’ கட்டளையால் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அவராக லாகின் செய்யுங்கள். அவருக்கு டெஸ்க்டாப் வந்துவிட்டால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, உங்கள் அமைப்புக் கோப்புகளில்தான் கோளாறு. நோம் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு பழைய எக்ஸ்டென்ஷன்கள் இப்படிச் செய்வது சகஜம். ஹோமுக்குள் ‘.லோக்கல்/ஷேர்/நோம்-ஷெல்/எக்ஸ்டென்ஷன்ஸ்’ கோப்புறையின் பெயரை மாற்றினால் அவை மொத்தமாக விலகிவிடும். இரண்டே நிமிடச் சோதனை இது, பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பூட் ஆகும்போதே நின்றுவிடுகிறது

எமர்ஜென்ஸி மோட் என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை நான் இரண்டாவது டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டு அப்படியே தூங்கப் போனேன். காலையில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்ஸி மோடில் நின்றது. ஃபார்மேட் செய்ததும் அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது. ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் பழைய எண்ணே இருந்தது. இல்லாத டிஸ்க்குக்காகச் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருக்கும், அந்த ஒன்றரை நிமிடம் அதுதான்.

சரிசெய்ய, ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போங்கள். ரூட் கணக்கு பூட்டியிருந்தால் லைவ் பென்டிரைவிலிருந்தே இந்தக் கோப்பைத் திருத்தலாம். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ இப்போதைய யூயூஐடிகளைக் காட்டும். ‘நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்’ திறந்து பொருந்தாத வரியைத் திருத்துங்கள், அல்லது வரியின் முன் # போடுங்கள். கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கொடுத்துவிட்டு முயலுங்கள். வெளி டிஸ்க்குகள், விண்டோஸ் பார்ட்டிஷன்கள் ஆகியவற்றின் வரிகளில் ‘நோஃபெயில்’ சேர்த்துவிடுங்கள். அவை இல்லாவிட்டாலும் பூட் தொடரும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதன் பார்ட்டிஷனைப் பாதி உறக்கத்தில் விட்டுப் போகும் என்பதால், இரண்டும் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ வரியில் நின்றால் ‘எக்ஸிட்’ என்று தட்டுங்கள். எந்தப் பார்ட்டிஷனில் பிழை என்று பெயருடன் வரும். எக்ஸ்ட்4 என்றால் ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுங்கள், முடிந்ததும் ‘ரீபூட்’. மின்சாரம் திடீரென்று போன கணினிகளில் இது ஒருமுறை வந்து போகும். மின்தடையே இல்லாமல் வாரத்துக்கு இருமுறை வந்தால் டிஸ்க் களைத்துவிட்டது. ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ என்று தட்டி டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து அதன் ஆரோக்கிய அறிக்கையைப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் பேக்அப் எடுங்கள்.

பேனிக் வந்து பழைய கெர்னல் மட்டும் வேலை செய்தால், அதில் நுழைந்து ‘/பூட்’ நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழைய கெர்னல்களை நீக்கும். பிறகு ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே ஆல்’, அடுத்து ‘சூடோ அப்டேட்-க்ரப்’.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் லினக்ஸ் காணாமல் போனால், முக்கால்வாசி நேரம் பூட் வரிசை மட்டுமே மாறியிருக்கும். ஃபர்ம்வேர் செட்டிங்ஸில் உங்கள் லினக்ஸின் பெயரை மேலே ஏற்றினால் முடிந்தது. க்ரப்பே போயிருந்தால் லைவ் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, உபுண்டு, மின்ட், டெபியனில் இப்படிப் போங்கள்.

1. ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ பார்த்து ரூட் பார்ட்டிஷனையும், சில நூறு எம்பி அளவில் விஃபேட் என்று இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ரூட்டை ‘சூடோ மவுண்ட்’ கொடுத்து ‘/எம்என்டி’ இடத்தில் ஏற்றுங்கள். ‘/பூட்’ தனிப் பார்ட்டிஷன் என்றால் அதை ‘/எம்என்டி/பூட்’ இடத்திலும், இஎஃப்ஐயை ‘/எம்என்டி/பூட்/இஎஃப்ஐ’ இடத்திலும் ஏற்றுங்கள்.
3. ‘/டெவ்’, ‘/ப்ராக்’, ‘/சிஸ்’ மூன்றையும் ‘சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட்’ மூலம் ‘/எம்என்டி’க்குள் அதே பெயர்களில் இணையுங்கள்.
4. ‘சூடோ சிஎச்ரூட் /எம்என்டி’ கொடுங்கள். இப்போது நீங்கள் நிற்பது உங்கள் பழைய சிஸ்டத்துக்குள்.
5. ‘க்ரப்-இன்ஸ்டால்’, பிறகு ‘அப்டேட்-க்ரப்’. பிழையில்லாமல் முடிந்தால் ‘எக்ஸிட்’, ரீபூட்.

பாஸ்வேர்டால் குறியாக்கம் செய்த டிஸ்க் என்றால் முதலில் ‘கிரிப்ட்செட்டப் ஓப்பன்’ கொண்டு திறக்க வேண்டும். உபுண்டு, மின்டில் கோப்பு முறை பிடிஆர்எஃப்எஸ் என்றால் ரூட்டை ஏற்றும்போது ‘-ஓ சப்வால்=@’ சேர்க்க வேண்டும். ஃபெடோராவின் யூஇஎஃப்ஐ நிறுவலில் க்ரப்-இன்ஸ்டால் வேண்டாம். ஷிம், க்ரப்2-இஎஃப்ஐ பேக்கேஜ்களை ‘டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால்’ செய்வதுதான் அங்கே முறை.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, இரண்டு சிஸ்டமும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைப் பூட்டிவிட்டது. க்ரப்புக்கு முன் ஓடும் கையொப்பமிட்ட சிறு நிரலான ஷிம்மின் ‘எஸ்பேட்’ சரிபார்ப்பு தோற்றதாகச் செய்தி வரும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்’ கொடுத்து, மறுபடி ஒருமுறை லினக்ஸில் பூட் ஆனபின் செக்யூர் பூட்டை இயக்குவதே அதற்குச் சொல்லப்பட்ட வழி. சிஸ்டத்தை அப்டேட் செய்து புதிய ஷிம்மையும் வாங்கிவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) இருந்தால், செக்யூர் பூட்டைத் தொடும் முன் அதன் மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

அப்டேட் சிக்கிக்கொண்டது

‘லாக்’ (பூட்டு) கிடைக்கவில்லை என்று ஆப்ட் சொன்னால், பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். செய்தியிலேயே அந்தப் பிராசஸின் பெயரும் எண்ணும் இருக்கும். காத்திருங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். இரண்டு பேர் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

அப்டேட் பாதியில் அறுந்திருந்தால் வரிசை இது: ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’, அப்புறம் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’, கடைசியாக ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, ‘சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. எதை நீக்கப் போகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு முறையும் படியுங்கள். டெஸ்க்டாப் பேக்கேஜின் பெயர் அதில் இருந்தால் இல்லை என்று சொல்லி நிறுத்துங்கள். டெஸ்க்டாப்பே திறக்காவிட்டால் உபுண்டுவின் ரெக்கவரி மெனுவில் ‘டிபிகேஜி’ வரி இந்த வேலையைச் செய்யும்.

சில பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ என்று நின்றால் உபுண்டுவில் அது பெரும்பாலும் பிழையே இல்லை. அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் படிப்படியாக விடுகிறார்கள், உங்கள் முறை சில நாளில் வரும். ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ என்றால் ‘/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்’ கோப்புறைக்குள் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஆப்ட் அப்டேட் கொடுங்கள். ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்றால் கணினிக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. 404 வந்தால் வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ (தனிக் களஞ்சியம்) ஏதாவது உங்கள் பதிப்புக்கு இல்லாமல் போயிருக்கும், அல்லது உங்கள் பதிப்பின் ஆயுளே முடிந்திருக்கும். உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான், எல்டிஎஸ்ஸுக்கு 5 ஆண்டு.

ஆர்ச் பயனர்கள் கையொப்பப் பிழை வந்தால் முதலில் ‘ஆர்ச்லினக்ஸ்-கீரிங்’ பேக்கேஜைப் புதுப்பித்து, உடனே முழு அப்கிரேடையும் செய்துவிட வேண்டும். ஒரு பேக்கேஜை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதைப் பழையதாக விட்டுவைப்பதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி’ ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும். ‘சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ’ என்று தட்டி அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு மாற்றத்தைத் திருப்பலாம். பழைய பேக்கேஜ் களஞ்சியத்தில் இன்னும் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அடுத்த முறைக்கு

டைம்ஷிஃப்ட் நிறுவி, பெரிய அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். மின்டில் அது கூடவே வருகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் நிறுவிய ஓப்பன்சூஸேயில் ஸ்னாப்பர் தானே எடுத்து வைத்து, பழைய நிலைக்குக் க்ரப் மெனுவிலிருந்தே போகவும் விடுகிறது. ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை, உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறு டிஸ்க்கில் தனி பேக்அப் வேண்டும்.

கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து க்ரப் மெனுவை வரவழைத்துப் பாருங்கள். உங்கள் கணினியில் எந்த விசைக்கு அது வருகிறது, ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்கு எந்த விசை, ரூட் பார்ட்டிஷனின் பெயர் என்ன, எந்தக் கெர்னல் ஓடுகிறது (‘யூநேம் -ஆர்’ சொல்லும்) என்று ஒரு தாளில் எழுதி லைவ் பென்டிரைவுடன் சேர்த்து வையுங்கள். திரை கறுத்திருக்கும் நேரத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவீர்கள்.